பத்து நாள் வகுப்பில் எல்லார் பெயரும் தெரிய வேண்டுமா?

போன ஆடியில் எடுத்த கணக்கு வகுப்பின் நான்காம் நாள் மாலை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, முன்வரிசையைப் பார்த்து "நீங்க சொல்லுங்க ஆச்சி" என்றேன். சொன்னார். அடுத்த கேள்விக்குப் பின்வரிசைப் பக்கம் திரும்பி, "பாண்டியம்மா, நீ சொல்லு" என்றேன். பாண்டியம்மா (உண்மைப் பெயர் இதில்லை) அந்த ஆச்சியைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்த ஆச்சி வீட்டில் சமையல் பார்ப்பவர். இருவரும் சேர்ந்து சீடை, தேன்குழல், மாவுருண்டை போட்டு விற்கப் போவதாகச் சொல்லி, ஒரே ஆட்டோவில் வகுப்புக்கு வந்துபோனார்கள். எனக்கு ஒருவர் ஆச்சி. இன்னொருவர் வெறும் பாண்டியம்மா, அதுவும் 'நீ'. யோசித்துச் செய்யவில்லை. காரைக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்த வாய் தானாகச் சொன்னது. அவர் பதிலைச் சரியாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் மூன்று நாள் கை தூக்கவே இல்லை.

அன்றைக்கு அந்த வகுப்பில் எனக்குத் தெரிந்த பெயர்கள் மொத்தம் ஒன்பது. இருபத்து நாலு பேரில் ஒன்பது. பாண்டியம்மா அந்த ஒன்பதில் ஒருவர் என்பதால்தான் இந்த வினையே வந்தது. பெயர் தெரியாமல் இருந்திருந்தால் அவரையும் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டிருப்பேன். பெரியவர்களுக்கு நடத்தும் குறுகிய கால வகுப்பில் பெயர்களைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா, கற்றால் எந்த வழியில் என்று அதன்பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் இதையே என்னிடம் கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் எடுப்பவை மூன்று வகை. கடைக்காரர்களுக்கு ஒருநாள் வகுப்பு: மூன்று மணி நேரம், நாற்பது பேர் வரை வருவார்கள். ஜிஎஸ்டி பில் போடுவது, யுபிஐயில் வந்த பணத்தை இரவு கடை சாத்தும்முன் ஒத்துப்பார்ப்பது, அவ்வளவுதான் பாடம். அப்புறம், வயதானவர்களுக்கு மூன்று நாள் போன் வகுப்பு. தினம் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பேருக்குமேல் சேர்ப்பதில்லை. மூன்றாவது, சிறுதொழில் கணக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளும் சொல்லித்தரும் பத்து மாலை வகுப்பு. இதுவும் தினம் இரண்டு மணி நேரம், இருபத்து நாலு பேர்.

முதலில் நேரம். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி உட்கார அரை நிமிடம் என்று வையுங்கள். ஒருநாள் வகுப்பில் நாற்பது பேருக்கு இருபது நிமிடம் போகும். இருப்பதே நூற்றெண்பது நிமிடம். அதில் ஒன்பதில் ஒரு பங்கு பெயருக்கே செலவு. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தவர் இதைப் பொறுக்கமாட்டார், பொறுக்கவும் கூடாது. பத்து மாலை வகுப்பிலோ இருபத்து நாலு பேருக்குப் பன்னிரண்டு நிமிடம். மொத்தம் ஆயிரத்து இருநூறு நிமிடத்தில் நூற்றில் ஒன்று. ஆக, "குறுகிய கால வகுப்பு" என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதே தப்பு.

போன் வகுப்பின் கணக்கு தனி. அங்கே அரை நிமிடம் என்பதெல்லாம் நடக்காது. ஒரு ஐயாவைப் பெயர் கேட்டால் விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் அடுக்கும் எழுத்துகள், முழுக்க வரும். அப்பா, தாத்தா, சிலருக்குக் கொள்ளுத்தாத்தா வரைக்கும் ஆளுக்கோர் எழுத்து, எந்தக் கோயில், பர்மாவில் எந்த ஊரில் கடை இருந்தது, ஜப்பான்காரன் வந்தபோது எப்படி நடந்தே வந்தார்கள் என்பது வரை. ஆளுக்கு நாலு நிமிடம் குறையாது. பன்னிரண்டு பேருக்கு நாற்பத்தெட்டு நிமிடம். நான் தடுப்பதில்லை. அந்த வயதில் அவர்கள் வருவதில் பாதி இதற்காகவும்தான்.

சரி, வழிகளைப் பார்க்கலாம்.

பெயரே வேண்டாம், முறை சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்பது முதல் வழி. நம் ஊரில் இது குறையாகவே படாது. அக்கா, அண்ணே, அம்மா, ஐயா, ஆச்சி, தம்பி என்று முறைப் பெயர்களே ஒரு வகுப்புக்குப் போதும். தன்னைவிட மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக்குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். கணவன் பெயரைச் சொல்லாத பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாமல் செல்லப்பெயர் ஒன்றைக் கண்டுபிடித்த மருமகள்கள் எத்தனை பேர்! வகுப்பிலும் இது வந்தது. பக்கத்தில் இருந்த ஆளின் பெயரைச் சொல்லி, அவரிடம் தாளைக் கொடுங்கள் என்று ஒரு அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பேரை நான் சொல்லமாட்டேன் சார், எங்க மாமா பேரு" என்றார். அன்றிலிருந்து அந்த ஆள் எல்லாருக்கும் கோட்டையூர் அண்ணன்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. நான் ஆண். வகுப்பில் பாதிக்குமேல் பெண்கள். கூட்டிக்கொண்டு போக வாசலில் வண்டியோடு நிற்கும் கணவன் காதில், ஓர் ஆண்குரல் தன் மனைவியை வெறும் பெயரால் கூப்பிடுவது விழுந்தால் அடுத்த நாள் ஒரு இடம் காலியாகலாம். 'அக்கா' என்றால் அந்த வம்பு இல்லை.

ஆனால் இந்த வழியில் இரண்டு ஓட்டை. 'அக்கா' என்றால் ஆறு பேர் திரும்புகிறார்கள். "நீலச் சேலை அக்கா" என்று ஒருதரம் சொல்லிப்பார்த்தேன். சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாகிவிட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். இரண்டாவது ஓட்டைதான் பெரியது. முறைப் பெயர் எல்லாருக்கும் ஒன்றுபோல வருவதில்லை. செட்டிநாட்டில் 'ஆச்சி' என்பது வெறும் வயதைக் காட்டும் சொல் அல்ல. நகரத்தார் வீட்டுப் பெண்களுக்கு மற்றவர்கள் கொடுக்கும் மரியாதை. முப்பது வயதுப் பெண்ணும் ஆச்சி. அதே வீட்டில் அறுபது வயது வேலைக்காரம்மாவை அந்த வீட்டுச் சின்னப்பிள்ளைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது, முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாருக்கு முறைப் பெயர், யாருக்கு வெறும் பெயர் என்பதை வாய் தானே தீர்மானித்துவிடுகிறது. கணக்கு வாத்தியார் அதைக் கவனிக்கவில்லை என்றால், ஊர் ஏற்கனவே போட்டுவைத்த வரிசையைத்தான் வகுப்பிலும் போடுகிறார்.

ஊர்ப் பெயரால் கூப்பிடுவது இன்னொரு வழி. கண்டனூர் அக்கா, பள்ளத்தூர் அண்ணே, புதுவயல் பாய். கேட்க இனிமையாக இருக்கும், நினைவிலும் நிற்கும். ஒரு ஊரிலிருந்து ஒருவர் வந்தால் பிரமாதம். காரைக்குடியிலிருந்து பதினான்கு பேர் வந்தால் என்ன செய்வது? அப்போது "காரைக்குடியில் எங்கே?" என்று கேட்கவேண்டி வரும், அடுத்து "யாரு வீடு?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் "எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீட்டுப் பிள்ளை" என்ற மூன்று கேள்விக்குள் ஒருவரின் சாதி வெளியே வந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். கேட்பவர் நல்லெண்ணத்தில் கேட்டாலும் பதில் சொல்பவருக்கு வயிறு கலங்கும். எனவே ஊரை நானாகக் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் வைத்துக்கொள்வேன்.

மூன்றாவது, பெயர் அட்டை. மனப்பாடம் எதுவும் வேண்டாம், ஆளுக்கொரு அட்டை, மார்க்கரில் கொட்டை எழுத்தில் பெயர். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெரிய உயிரியல் வகுப்பு ஒன்றில் இதைச் செய்துபார்த்து 2017இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் மடித்த பெயர் அட்டையை மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர்களில் ஒருவருக்காவது தன் பெயர் தெரியும் என்று நினைத்த மாணவர்கள் நூற்றுக்கு 78 பேர். ஆசிரியர்களுக்கு உண்மையில் தெரிந்திருந்தது 53 சதவீதப் பெயர்கள்தான். அட்டையைப் பார்த்துப் படித்துக் கூப்பிட்டாலும், கூப்பிடப்பட்டவருக்குத் தன்னைத் தெரிந்தே கூப்பிட்டது போலத்தான் இருந்திருக்கிறது. முதலில் படித்தபோது கொஞ்சம் ஏமாற்றுவேலை போலப் பட்டது எனக்கு. பிறகு தோன்றியது: அட்டை எல்லார் முன்னாலும் இருக்கிறது, அதில் ஒளிவுமறைவு என்ன? பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுவது போலத்தான்.

அரிசோனாவில் மேசை இருந்தது. எங்கள் வகுப்பு பல நாள் ஒரு பழைய வீட்டு முகப்பில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், ஜமுக்காளத்தில் நடக்கும். தரையில் வைத்த அட்டை முன்வரிசை முழங்காலைத் தாண்டித் தெரியாது. ஊக்கில் குத்தலாம் என்றால், பட்டு கட்டி வந்தவர் விடமாட்டார். கண்டாங்கி நெய்கிற ஒருவர், "துணியில ஓட்டை போடச் சொல்றீங்களே சார்" என்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கடைசியில் கழுத்தில் மாட்டும் நாடாவுக்கு வந்து சேர்ந்தோம். மேசை உள்ள இடங்களில் பழைய கல்யாணப் பத்திரிகைதான் கைகொடுத்தது. நம் ஊர்ப் பத்திரிகைகள் தடிமனான அட்டை. உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, வெள்ளைத்தாள் ஒட்டி, பெயர் எழுதி நிறுத்தினால் காற்றடித்தாலும் சாயாது. எந்த வீட்டிலும் பரணில் ஒரு கட்டு கிடக்கும். காசு செலவில்லை. ஒரு பத்திரிகையை அவசரத்தில் வெள்ளைத்தாள் ஒட்டாமல் திருப்பி வைத்துவிட்டு, ஒரு அம்மாவின் அட்டைக்குப் பின்னால் யாரோ மணமக்கள் பெயர் வகுப்பு முழுக்கத் தெரிந்துகொண்டிருந்தது தனிக்கதை.

அட்டையில் ஒரே எச்சரிக்கை: அவர்கள் கையாலேயே எழுதச் சொல்ல வேண்டுமா என்பது. எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர் ஒருவர் இருந்தாலும், முதல் ஐந்து நிமிடத்திலேயே அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தியதாகிவிடும். நானே எழுதிவிடுவேன், எல்லாருக்கும்.

நாலாவது, உண்மையாகவே மனப்பாடம் செய்வது. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நான் பல வருடம் தப்பாகவே செய்துகொண்டிருந்தேன். எல்லாரையும் வரிசையாக எழுந்து பெயர் சொல்லச் சொல்வேன். முடிந்ததும் எனக்கும் நினைவிருக்காது, அவர்களுக்கும் இருக்காது. மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர் 1973இலேயே காட்டிவிட்ட விஷயம் இது: வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துச் சொல்லும்போது, தன் முறைக்குச் சற்றுமுன் மற்றவர்கள் சொன்னது ஒருவருக்கு நினைவில் நிற்பதே குறைவு. நம் முறை வருகிறதே, என்ன சொல்வோம் என்ற படபடப்பில் காது அடைத்துப்போகிறது. ஆக, பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயரைத்தான் முதலில் மறக்கிறோம். வகுப்புக்கு எது தேவையோ அதற்கு நேர்மாறு.

தொழில் நினைவிருக்கும், பெயர் மறக்கும் என்பதும் என் குறை மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது குடும்பப் பெயராகவும் வரும், ரொட்டி சுடுபவர் என்ற தொழிலாகவும் வரும். ஒரு முகத்தைக் காட்டி "இவர் பெயர் பேக்கர்" என்றால் மறந்துபோகிறார்கள். "இவர் ரொட்டி சுடுபவர்" என்றால் நினைவில் வைக்கிறார்கள் என்று 1987இல் இங்கிலாந்தில் சோதித்துச் சொன்னார்கள். சொல் ஒன்றுதான். தொழில் என்றால் அடுப்பும் மாவும் கண்ணில் வருகின்றன. பெயரோ எதையும் பிடித்துக்கொள்ளாமல் நிற்கிறது. எனக்கும் டைல்ஸ் பட்டறைக்காரரையும் ஓலைக் கொட்டான் பின்னுகிறவரையும் முதல் நாளே தெரியும், பெயர்தான் ஒட்டாது. எனவே பெயரோடு தொழிலையும் சேர்த்துக் கேட்கிறேன். இரண்டும் கயிறு போட்டுக் கட்டியதுபோல் வருகிறது.

அடுத்த சிக்கல் நம் ஊருக்கே உரியது. தாத்தா பெயர் பேரனுக்கு. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பெயரைத் தாங்கி வந்தவன். பாட்டி பெயர் பேத்திக்கு. விளைவு: வருகைப் பதிவேட்டில் மீனாட்சி மூன்று, வள்ளியம்மை இரண்டு, சொக்கலிங்கம் இரண்டு. பதிவேட்டில் உள்ள பெயரும் வீட்டில் புழங்கும் பெயரும் வேறுவேறு. பதிவேட்டில் சாந்தலெட்சுமி, ஊரில் சாந்தி, தாய்வீட்டில் பாப்பா. வங்கிக் கணக்கில் உள்ளபடிதான் யுபிஐயில் பெயர் வரும் என்பதால், பயிற்சிக்காக ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னபோது, "இது யாரு, எனக்குத் தெரியாத ஆளா இருக்கே" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து ஒரு அண்ணன் பயந்துபோனார். பணம் அனுப்பும்முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள் என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சிக்கலிலிருந்துதான் வழியும் கிடைத்தது. டேலியில் முதலில் சொல்லித்தருவது லெட்ஜர் உருவாக்குவது. அதாவது பேரேடு. அந்தச் சொல்லைப் பெரிய ஏடு என்றும் பிரிக்கலாம், பேர் எழுதும் ஏடு என்றும் பிரிக்கலாம். ஆளுக்கொரு பக்கம் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முன்பெல்லாம் கற்பனையான பெயர்களைக் கொடுத்துப் பழகச் சொல்வேன். இப்போது வகுப்பில் இருப்பவர்கள் பெயரிலேயே லெட்ஜர். "மீனாட்சி அக்கா உங்க கடையில ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினாங்க, காசு தரலை. எங்கே எழுதுவீங்க?" மீனாட்சி அக்கா உடனே, "நான் எங்கே கடன் வச்சேன்?" என்பார். சிரிப்பு. பற்று எது, வரவு எது என்று அன்றைக்கே பிடிபடும். டேலி ஒரே பெயரில் இரண்டு லெட்ஜரை ஏற்காது என்பது இன்னும் நல்லதாகப் போயிற்று. மூன்று மீனாட்சியைப் பிரித்தே ஆகவேண்டும். எப்படிப் பிரிக்கலாம் என்று அந்த மூன்று பேரையே கேட்பேன். ஒருவர் இனிஷியல் போடுவார், ஒருவர் 'மீனா' என்பார். கடல் தாண்டிப்போய் வட்டிக்கடை வைத்தவர்கள் இதே தொல்லைக்குத்தான் விலாசம் என்று எழுத்துகளை அடுக்கினார்கள் என்று சொன்னால் பெரியவர்கள் தலையாட்டுவார்கள்.

இதில் பெயருக்கென்று தனியே போகும் நேரம் ஒன்றுமில்லை. பாடத்துக்குள்ளேயே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் இடைவெளி விட்டு விட்டு. 1978இல் லாண்டோவர், பியோர்க் என்ற இருவர் பெயர் கற்பதையே வைத்துச் சோதித்தார்கள்: ஒரு பெயரைக் கேட்டதும் உடனே ஒருதரம், பிறகு கொஞ்சம் தள்ளி, பிறகு இன்னும் தள்ளி என்று நினைவிலிருந்து எடுத்துப்பார்த்தால் நன்றாக நிற்கிறது. எடுத்துப்பார்ப்பது முக்கியம், பட்டியலைச் சும்மா வாசித்துக்கொண்டிருப்பதில் பலன் குறைவு. இதற்கு நான் கண்ட சுலபமான வழி, வீட்டுப்பாடத் தாளைத் திருப்பிக் கொடுப்பது. மேசையில் வைத்து "எடுத்துக்குங்க" என்று சொல்லாமல், ஒவ்வொருவரிடமும் நானே போய்க் கொடுக்கிறேன். தாளில் பெயரைப் பார்க்கும்முன் ஆளைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். தப்பினால் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் மாலைக்குள் இருபத்து நாலும் வந்துவிடுகிறது. போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு இளம் ஆசிரியர் சொன்னார். பெண்கள் படத்தை என் போனில் வைத்திருப்பது சரிப்படாது, கேட்கவும் மாட்டேன்.

இப்போது தீர்ப்பு. ஒருநாள் வகுப்புக்கு மனப்பாடம் வேண்டாம், எழுந்து பெயர் சொல்வதும் வேண்டாம். பணம் கட்டும்போதே பெயரைக் கேட்டு அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிவிடுவது. பெயரோடு அண்ணே, அக்கா. போன் வகுப்புக்குக் கதை கேட்பதுதான் வழி. நாற்பத்தெட்டு நிமிடமும் கொடுக்கலாம், அதிலேயே பன்னிரண்டு பெயரும் ஒட்டிவிடும். ஆனால் போனில் ஒருவர் எண்ணை ஒருவர் பதிந்து பழகச் சொல்லும்போது மட்டும், விருப்பம் கேட்காமல் எண்களைப் பரிமாறச் சொல்வதில்லை. என் எண்ணை எல்லாரும் பதிந்துகொள்ளட்டும், அது போதும்.

பத்து மாலை வகுப்புக்குத்தான் முழு மனப்பாடம். 'முழு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாற்பது பேரில் ஒருவர் பெயரும் தெரியாத ஆசிரியரை யாரும் தப்பாக நினைப்பதில்லை. மூன்று மணி நேரத்தில் என்ன தெரியும் என்று விட்டுவிடுவார்கள். எல்லார் பெயரும் தெரிந்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாதிப் பெயர் தெரிந்தவர்தான் ஆபத்தானவர், போன ஆடியில் என்னைப் போல. அந்த ஒன்பது பேர் யார் என்று பிறகு எண்ணிப்பார்த்தேன். ஐந்து பேர் அதிகம் பேசுகிறவர்கள். இரண்டு பேர் எனக்கு முன்பே பழக்கமானவர்கள். ஒருவர் என்னிடம் சண்டை போட்டவர். ஒன்பதாவது பாண்டியம்மா, அவர் பெயரை ஆச்சி அடிக்கடி கூப்பிட்டதால் என் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது, ஆச்சி கூப்பிட்ட அதே தொனியோடு. மிச்சம் பதினைந்து பேரும் வாய் திறக்காதவர்கள். கேள்வி கேட்கும்போது பெயர் தெரிந்தவரையே கேட்பது நம் இயல்பு. எனவே பேசுகிறவரே மேலும் பேசினார், மற்றவர்கள் ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் வரைக்கும் எல்லாப் பெயரும் வராது என்று தெரிந்தால், அதுவரை எல்லாருக்கும் அட்டை. ஒரே நாளில் எல்லா அட்டையையும் எடுத்துவிடுவது.

கூப்பிடும் விதமும் எல்லாருக்கும் ஒன்றே. பெயர், கூடவே அக்கா அல்லது அண்ணே. மிக மூத்தவர் என்றால் அம்மா, ஐயா. எல்லாரும் 'நீங்க'. ஆச்சி என்ற சொல்லை வகுப்புக்குள் நான் விட்டுவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரின் அழகான சொல் அது. முன்வரிசை ஆச்சி இரண்டு நாள் கொஞ்சம் விறைப்பாக இருந்தார், மறைக்கவில்லை. வகுப்புக்கு வெளியே, வாசல்படியில், இன்றும் ஆச்சி என்றுதான் சொல்கிறேன். எல்லாரையும் ஆச்சி என்று சொன்னால் என்ன என்று என் மனைவி கேட்டாள். அதையும் ஒருநாள் முயன்றேன். பாண்டியம்மா அக்கா, "என்ன சார், கேலி பண்றீங்களா?" என்றார்.

ஐந்தாம் நாளே அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஏழாம் நாள் பேரேட்டுக் கணக்கில் அவர் பெயரைப் 'பாண்டியம்மா அக்கா, வரவு' என்று கரும்பலகையில் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குக் காசு வரவேண்டியிருக்கா, குடுக்க வேண்டியிருக்கா?" என்று கேட்டார். கேள்வியில் அர்த்தம் ஒன்றா இரண்டா என்று எனக்குத் தெரியாது. கொடுக்க வேண்டியது நான்தான் என்றேன்.

இந்த வருடமும் ஆடியில்தான் வகுப்பு. கல்யாணம் இருக்காது, ஆட்களுக்கு நேரம் இருக்கும். விண்ணப்பத் தாளில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்திருக்கிறேன்: 'வகுப்பில் உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?' இதுவரை பத்தொன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் மூன்று விசாலாட்சி. ஒருவர் 'சாலா' என்று எழுதியிருக்கிறார். ஒருவர் 'விசாலாட்சி அக்கா' என்று, அக்காவுக்கு அடியில் கோடு போட்டு. மூன்றாமவர் கட்டத்தை வெறுமனே விட்டிருக்கிறார். அவருக்கு நாளை போன் செய்ய வேண்டும்.